அடுப்பு வாங்கும் முன் கம்பியைப் பாருங்கள்!

மின்சார அடுப்பு வாங்கிவிட்டீர்களா? நல்லது. புகை இல்லை. கரி இல்லை. ஊதுகுழல் வேண்டாம். பாத்திரம் கறுக்காது. சிலிண்டர் எப்போது தீரும் என்று கவலைப்பட வேண்டாம்.

ஆனால், ஒரு கேள்வி.

அந்த அடுப்புக்கு மின்சாரம் எங்கே இருந்து வருகிறது?

"சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டில் இருந்து வருகிறது" என்பீர்கள். சரி. அந்தப் பாயிண்டுக்குப் பின்னால், சுவருக்கு உள்ளே, என்ன கம்பி இருக்கிறது? எத்தனை கம்பி இருக்கிறது? பார்த்தீர்களா?

நானும் பார்க்கவில்லை. பார்க்காமல் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

செருப்புப் போட்டுக்கொள்!

2022-ம் ஆண்டு. சமையல் எரிவாயு சிலிண்டர் விலை 1,000 ரூபாயைத் தாண்டியது. எல்லா வீடுகளிலும் அதே பேச்சு. நாங்கள் அப்போது திருநெல்வேலியில் ஒரு பழைய வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். "ஒரு கரண்டு அடுப்பு வாங்கிப் போட்டால், காப்பிக்கும் வெந்நீருக்கும் ஆகுமே" என்றாள் என் மனைவி. வாங்கினேன். இரும்புத் தகடு வைத்த அடுப்பு. 2,000 வாட்.

அடுப்பின் பிளக் பெரியது. மூன்று தடித்த கால்கள். எங்கள் சமையல் அறையிலோ சின்ன ஓட்டைப் பாயிண்டுதான் இருந்தது. மறுபடியும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிரித்தார். பெரிய பிளக்கைச் சின்ன ஓட்டையில் மாட்டுவதற்கு ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தார். "எல்லாரும் இப்படித்தான் சார் மாட்டுறாங்க" என்றார்.

எல்லாரும் மாட்டுகிறார்கள் என்றால் நாமும் மாட்டலாம் அல்லவா? மாட்டினேன்.

நாலாம் நாள் காலை. "அடுப்பைத் தொட்டால் சுருக்கென்கிறது" என்றாள் மனைவி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்போதே பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? "செருப்புப் போட்டுக்கொண்டு சமை" என்றேன்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த யோசனை எத்தனை வீடுகளில் சொல்லப்படுகிறது! கிரைண்டர் ஷாக் அடித்தால் செருப்பு. குளிர்சாதனப் பெட்டி ஷாக் அடித்தால் கீழே ஒரு பலகை. துணி துவைக்கும் எந்திரம் ஷாக் அடித்தால் கையைத் துடைத்துவிட்டுத் தொடு. பழுது சாமானில் இருக்கிறது. பாடு மட்டும் சமைக்கிறவளுக்கு!

ஐந்தாம் நாள் சாயங்காலம். சமையல் அறையை அப்போதுதான் ஈரத்துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. வெறுங்காலோடு ஓடி வந்தாள். பால் பொங்குகிறதா என்று பார்க்க எக்கி, அடுப்பின் விளிம்பைப் பிடித்தாள்.

"அம்மா!" என்று ஒரு அலறல். கையை உதறிக்கொண்டு கீழே விழுந்தாள்.

தொட்ட கை தானாக உதறியதால் பிழைத்தாள். கை முழுதாக இறுகிப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மின்சாரம் பாய்ந்தால் கையின் தசைகள் சுருங்கும். பிடித்த பிடியை விட முடியாமல் போவதும் உண்டு. அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு பதறுகிறது.

மேல் ஓட்டை அழகுக்கு!

அன்று ராத்திரியே வயர்மேன் ஒருவரைக் கூட்டி வந்தேன். வயதானவர். உரிமம் வைத்திருப்பவர். மெயினை அணைத்தார். பாயிண்டைக் கழற்றினார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், இது பேருக்குத்தான் மூணு ஓட்டை. கீழ ரெண்டுலதான் கம்பி இருக்கு. மேல இருக்கிறது சும்மா அழகுக்கு."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஓர் ஒட்டடைதான் இருந்தது.

அந்த மாற்றுக் கட்டையைக் கையில் எடுத்தார். ஒரு பக்கம் உருகி, பழுப்பு நிறமாகி இருந்தது. ஐந்து நாளில்!

"பிள்ளை தப்பிச்சது சாமி புண்ணியம். வீடு தப்பிச்சதும் அப்படித்தான்" என்றார்.

அவரிடம் அன்று கற்றுக்கொண்டதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் எளிமையாகச் சொல்கிறேன். படிக்காதவர்களுக்கும் விளங்கும்.

மூன்று கம்பி எதற்கு?

மின்சாரம் ஒரு கம்பி வழியாக அடுப்புக்கு வருகிறது. இதைப் பேஸ் என்பார்கள். அடுப்பில் வேலை செய்துவிட்டு இன்னொரு கம்பி வழியாகத் திரும்பிப் போகிறது. இது நியூட்ரல். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. இந்த இரண்டு இருந்தாலே அடுப்பு எரியும்.

அப்படியானால் மூன்றாவது கம்பி எதற்கு?

அது காவல்காரன். அதற்கு எர்த் என்று பெயர். நல்ல நாளில் அதற்கு வேலையே இல்லை. அடுப்புக்குள் ஈரம் இறங்கினாலோ, சூட்டில் கம்பியின் மேல் உறை கருகினாலோ, மின்சாரம் அடுப்பின் இரும்பு உடம்புக்கு ஏறிவிடும். அப்போது எர்த் கம்பி அதைப் பிடித்து மண்ணுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எர்த் இல்லாவிட்டால் அது அடுப்பின் மேலேயே காத்துக்கொண்டு இருக்கும். யார் வந்து தொடுகிறார்களோ, அவர்கள் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கும்.

மனைவி தொட்டாள். பிறகு மகள் தொட்டாள். எர்த் கம்பி செய்ய வேண்டிய வேலையை என் வீட்டுப் பெண்கள் செய்தார்கள்!

பிளக்கைக் கவனித்துப் பாருங்கள். மேல் கால் மற்ற இரண்டையும் விடத் தடிமனாக, நீளமாக இருக்கும். ஏன்? செருகும்போது அது முதலில் உள்ளே போக வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் வெளியே வர வேண்டும். காவல்காரன் முதலில் வந்து, கடைசியில் போகிறான். அத்தனை யோசித்துச் செய்த காலைச் சிலர் ரம்பத்தால் அறுத்துவிட்டு, இரண்டு கால் பாயிண்டில் மாட்டுகிறார்கள்.

220 பல்பு ஒரே கம்பியில்!

இனி, அந்தக் கட்டை ஏன் உருகியது?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 2,000 வாட் அடுப்பை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 8.7 வரும். அதாவது, அந்த அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிறது.

சின்ன ஓட்டைப் பாயிண்டு தாங்குவது 6 ஆம்பியர்தான். பழைய பாயிண்டுகளில் 5 என்று போட்டிருக்கும். அதாவது 1,380 வாட் வரைக்கும்தான் அது தாங்கும்.

இன்னொரு கணக்கு. இப்போது நாம் போடும் எல்.இ.டி. பல்பு 9 வாட். 2,000 வாட் அடுப்பு ஒன்றை எரிப்பது, அப்படிப்பட்ட பல்புகள் 220-ஐ ஒரே சமயத்தில் எரிப்பதற்குச் சமம். இரண்டு பல்பும் ஒரு மின்விசிறியும் ஓடுவதற்காகப் போட்ட கம்பியில் 220 பல்பைக் கட்டித் தொங்கவிடலாமா?

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பியில் ஓடும் மின்சாரம் 2 மடங்கு ஆனால், கம்பியின் சூடு 2 மடங்கு ஆவதில்லை. 4 மடங்கு ஆகிறது. மின்சாரம் 3 மடங்கு ஆனால் சூடு 9 மடங்கு! அதிலும் எங்கே கம்பி ஒட்டுப் போட்டிருக்கிறதோ, எங்கே திருகாணி தளர்ந்திருக்கிறதோ, அங்கே சூடு கூடுதலாக ஏறும். சுவருக்குள் நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் சமையல் பாதியில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

பழைய வீடுகளில் செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டிருப்பார்கள். வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். நாளாக ஆக அதன் இணைப்புகள் தளரும். அதில் மின்சார அடுப்பை மாட்டவே மாட்டாதீர்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பல வீடுகளில் கம்பி இழுத்த காலத்தில் கனவெல்லாம் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பதுதான். பிறகு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 2011-ல் அரசே விலையில்லாமல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. இப்போது அடுப்பும் வந்துவிட்டது. சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. சுவருக்குள் இருக்கும் கம்பி மட்டும் அன்று போட்ட அதே கம்பி. சின்ன வாய்க்காலில் ஏரியைத் திறந்துவிட்டால் கரை என்ன ஆகும்?

குறுக்கு வழிக்காரர்கள்

எர்த் இல்லை என்று சொன்னதும், பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் உதவிக்கு வந்தார். "அது ஒன்றும் இல்லை அங்கிள். நியூட்ரலில் இருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து மேல் ஓட்டையில் மாட்டிவிட்டால் போதும். எர்த் ஆகிவிடும்" என்றார்.

இதைக் கேட்டதும் வயர்மேன் கோபப்பட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏன் கோபம்? நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. அது எங்காவது அறுந்தால், திரும்ப வழி இல்லாத மின்சாரம் அந்தத் துண்டுக் கம்பி வழியாக அடுப்பின் உடம்பில் ஏறிவிடும். 230 வோல்ட்டும் ஏறி நிற்கும்! பழுதே இல்லாத அடுப்புகூட அப்போது ஆளைக் கொல்லும். இது காவல்காரன் வேலைக்குத் திருடனை வைப்பது போல.

இன்னும் சிலர் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றுவார்கள். இரும்புக் குழாய் இருந்த காலத்திலேயே அது சரி இல்லை. இப்போது வீடெங்கும் பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக்கில் மின்சாரம் எப்படி மண்ணுக்குப் போகும்?

நிறத்தில் ஒரு ஏமாற்றம்

நம் வீட்டுச் சுவருக்குள் பெரும்பாலும் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் அடுப்போடு வரும் வயரில் நிறம் வேறு. அதில் பழுப்பு பேஸ். நீலம் நியூட்ரல். பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு போட்டது எர்த். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் சுவரில் வரும் நீலக் கம்பி பேஸாகவும் இருக்கலாம்! அந்த நீலமும் இந்த நீலமும் ஒன்று என்று நினைத்து மாட்டினால் வந்தது வினை. "நிறம் பார்த்து நானே மாட்டிவிடுவேன்" என்று சொல்லும் வீட்டு ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

ஆளைக் காக்கும் கருவி

"எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறது. எம்.சி.பி. இருக்கிறது. ஷாக் அடித்தால் விழுந்துவிடும்" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தத் தைரியம் தவறு.

எம்.சி.பி. காப்பது கம்பியை. ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் விழும். மனிதன் சாவதற்கு ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்!

இன்னும் கேளுங்கள். எர்த் குழி காய்ந்து போயிருந்தால், பழுதான அடுப்பில் இருந்து மண்ணுக்குப் போகும் மின்சாரம் 5 ஆம்பியரோ 8 ஆம்பியரோதான் இருக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. அடுப்பு ஷாக் அடித்துக்கொண்டே இருக்கும். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான்.

ஆளைக் காக்க வேறு கருவி உண்டு. அதற்கு ஆர்.சி.டி. என்று பெயர். ஆர்.சி.சி.பி. என்றும் கடையில் சொல்வார்கள். அது ஒரு கணக்குப்பிள்ளை. பேஸில் எவ்வளவு போயிற்று, நியூட்ரலில் எவ்வளவு திரும்பியது என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் போதும். "இது எங்கோ கசிகிறது, யாரோ தொட்டுவிட்டார்கள்" என்று உடனே அணைத்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரில் 33-ல் ஒரு பங்கு. அணைக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வாங்கும்போது "30 மில்லி ஆம்பியர்" என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் உண்டு. அவை ஆளைக் காக்கப் போதாது. அதில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழுந்தால் நன்றாக இருக்கிறது. விழாவிட்டால் மாற்றுங்கள். இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் இந்தக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் செய்தது

மெயின் பலகையில் இருந்து சமையல் அறைக்குத் தனியாக ஒரு லைன். நடுவில் ஒட்டு இல்லை. வேறு எந்தச் சாமானும் அதில் இல்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. தூரம் அதிகமானால் 4 போட வேண்டும் என்றார் வயர்மேன். கூடவே பச்சை எர்த் கம்பி. தொடக்கத்தில் 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு முன்னால் ஆர்.சி.டி. முடிவில் 16 ஆம்பியர் பெரிய பாயிண்டு. சுவிட்சு பேஸ் கம்பியில்தான் வர வேண்டும் என்பதைச் சோதித்துக் காட்டினார். சுவிட்சு நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் அடுப்புக்குள் மின்சாரம் நிற்கும்.

பாயிண்டை அடுப்புக்கு நேர் மேலே வைக்கவில்லை. பக்கவாட்டில், அங்கணத்தை விட்டுத் தள்ளி வைத்தார். எண்ணெய் தீப்பிடித்தால், தீயின் மேல் கையை நீட்டியா அணைக்க முடியும்?

வாசலில் எர்த் குழியையும் புதிதாகப் போட்டோம். மின் அளவு கூடுகிறது என்று மின்வாரியத்துக்கும் எழுதிக் கொடுத்தோம். ஒரே நாளில் வேலை முடிந்தது. இரண்டு அடுப்பும் ஓவனும் சேர்ந்த பெரிய அடுப்பானால் இந்த லைன் போதாது. அதற்குக் கம்பியும் சுவிட்சும் வேறு. பிளக்கில் மாட்டக் கூடாது.

இந்த வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. "சான்றிதழைக் காட்டுங்கள்" என்று கேட்பது அவமரியாதை அல்ல. எங்கள் வயர்மேன் கேட்காமலே காட்டினார்.

வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும்

செலவு யாருடையது? இங்கேதான் சண்டை.

எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் எர்த் என்றதும், "முப்பது வருஷமா இப்படித்தான் இருக்கு தம்பி. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை. அடுப்பு உங்களுது. செலவும் உங்களுது" என்றார்.

தனி லைன் எனக்காக. அதன் செலவு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எர்த்தும் ஆர்.சி.டி.யும் வீட்டின் பாகம். கூரையும் கதவும் போல. கதவு இல்லாத வீட்டை வாடகைக்கு விட்டு, "கதவு வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொல்வார்களா? மின்வாரியமும் வீடுகளில் ஆர்.சி.டி. பொருத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வாடகை வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்கிறோம். எர்த் இருக்கிறதா என்றும் கேட்போமே!

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுப்பை விற்கும்போது, "வீட்டில் பெரிய பாயிண்டு இருக்கிறதா? எர்த் உண்டா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த மாற்றுக் கட்டையை அடுப்புக்காக விற்காதீர்கள். பத்து, இருபது லாபத்துக்காக ஒரு வீட்டைக் கொளுத்தலாமா?

நான் வீட்டுக்காரரிடம் சண்டை போடவில்லை. உருகிய கட்டையைக் கொண்டுபோய் அவர் மேஜை மேல் வைத்தேன். மகளையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். "நம்ம கிரைண்டரும் சுருக்குன்னு அடிக்குதுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? செருப்புப் போட்டுக்கோன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வயர்மேன் நம்பர் இருக்கா தம்பி?" என்றார்.